ரஷ்ய மொழியைச் சேர்த்தால் ரஷ்யாவோடு சேர்ந்ததாக ஆகுமா?

கோயம்புத்தூரில் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்கிறீர்கள், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிடப் போகிறீர்கள். ஆங்கிலத்தோடு வேறு எந்தெந்த மொழிகளில் போடலாம் என்று எழுதி வைத்த பட்டியலில் ரஷ்ய மொழியும் இருக்கிறது. உங்களுக்குப் படம் வரைந்து தரும் உக்ரைன்காரர் அதைப் பார்த்ததிலிருந்து சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "மொழி வேறு, அரசியல் வேறுதானே? ரஷ்ய மொழியைச் சேர்த்தால் போரை ஆதரித்ததாக ஆகிவிடுமா?" இதுதான் உங்கள் கேள்வி.

ஆகாது. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் "மொழி வேறு, அரசியல் வேறு" என்று சொல்லிச் சேர்க்காதீர்கள். அதிலும் அந்த ஓவியரிடம் அந்த வாக்கியத்தைத் தப்பித்தவறியும் சொல்லிவிடாதீர்கள். முடிவு சரி, காரணம்தான் தப்பு. அதை விளக்கக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேம்களின் மொழிபெயர்ப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். பட்டனுக்குள் எழுத்து அடங்குகிறதா, பெண் கதாபாத்திரம் ஆண்பாலில் பேசித் தொலைக்கிறதா என்று தேடுவதுதான் பிழைப்பு. ரஷ்ய மொழி எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனால் அதைத் தாய்மொழியாகப் பேசும் பலரோடு தினமும் வேலை செய்கிறேன். அவர்களில் ரஷ்யாவில் இருப்பவர்கள் பாதிக்கும் குறைவு.

சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஒரு கேமில் மொழி தேர்ந்தெடுக்கும் திரையில் மொழியின் பெயரை எழுதாமல் வெறும் கொடிகளை அடுக்கியிருந்தார்கள். ரஷ்ய மொழிக்கு வெள்ளை, நீலம், சிவப்பு. அல்மாட்டியிலிருந்து சோதித்துக்கொண்டிருந்த ஒருவர் பிழைப் பட்டியலில் எழுதினார்: "நான் கஜகஸ்தான்காரன். வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிறேன். இந்தத் திரையில் எதை அழுத்த வேண்டும்?" நாங்கள் அதற்கு "அவசரமில்லை" என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிட்டோம். அவர் கேட்டதுதான் இன்று நீங்கள் கேட்கும் கேள்வி என்று அப்போது உறைக்கவில்லை.

மொழியையும் நாட்டையும் குழப்பும் வேலை கொடிக்கு முன்பே, கணினிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ரஷ்ய மொழிக்கான குறியீடு 'ஆர்-யு'. ரஷ்யா என்ற நாட்டுக்கும் அதே 'ஆர்-யு'தான். உக்ரைனியத்துக்கு அப்படியில்லை: மொழி 'யு-கே', நாடு 'யு-ஏ'. இந்த 'யு-கே'யைப் பிரிட்டன் என்று நினைத்து, உக்ரைனியத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் கொடியைப் போட்டுவிடுகிற கூத்தும் இந்தத் தொழிலில் உண்டு. ஆனால் மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மொழித் தரவுத்தொகுப்பில் போய்ப் பாருங்கள். கஜகஸ்தான் ரஷ்யன், கிர்கிஸ்தான் ரஷ்யன், உக்ரைன் ரஷ்யன், மால்டோவா ரஷ்யன், பெலாரஸ் ரஷ்யன் என்று தனித்தனியாகப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு மொழிக்குப் பல நாடு என்பதைத் தொழில்நுட்பம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. மெனு வடிவமைப்பவர்கள்தான் இன்னும் கொடியை விடவில்லை.

சரி, இந்த மொழியைப் பேசுபவர்கள் யார்? கிர்கிஸ்தானில் அது அலுவல் மொழி. பெலாரஸில் 1995 முதல் பெலாரஸிய மொழிக்குச் சமமான அரசு மொழி. லாட்வியா, எஸ்தோனியாவில் பெரிய சிறுபான்மையின் வீட்டு மொழி. சோவியத் யூனியன் உடைந்தபோது இஸ்ரேலுக்குப் போன லட்சக்கணக்கான யூதர்களின் மொழி. 2022 செப்டம்பரில் ரஷ்யா போருக்கு ஆள்சேர்ப்பு அறிவித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ஓடிய இளைஞர்களின் மொழி. முக்கியமாக, உக்ரைனில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 29.6 சதவீதம் பேர் தங்கள் தாய்மொழி ரஷ்யன் என்று பதிந்தார்கள். அந்தக் கணக்கில் ரஷ்ய இனத்தவர் 17.3 சதவீதம்தான். அதாவது தன்னை உக்ரைனியர் என்று சொல்லிக்கொண்டு ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏராளம். கிரிவி ரிஹ் நகரில் பிறந்த ஜெலன்ஸ்கியே அப்படி வளர்ந்தவர்தான். கார்கிவில் மருத்துவம் படிக்கப் போன நம்மூர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்க அங்கே பலர் கற்றுக்கொண்டது ரஷ்ய மொழிதான். அந்த நகரத்தின் மேல்தான் 2022-ல் குண்டு விழுந்தது. குண்டு போட்டவனும் வாங்கியவனும் ஒரே மொழியில் அலறியிருப்பார்கள்.

ஆக, ரஷ்ய மொழி கிரெம்ளினின் சொத்து இல்லை. அதை மெனுவிலிருந்து எடுத்தால் கிரெம்ளினுக்கு எதுவும் குறையாது, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்குத்தான் குறையும். ஸ்டீமின் மாதாந்தர ஆய்வுகளில் ஆங்கிலம், எளிய சீனம் இரண்டுக்கும் அடுத்த இடத்தில் பெரும்பாலும் ரஷ்யன்தான் இருக்கும். வியாபாரக் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

பெரிய நிறுவனங்கள் செய்ததையும் கவனியுங்கள். 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், சோனி, நின்டெண்டோ, சிடி ப்ராஜெக்ட் எல்லாம் ரஷ்யாவில் விற்பனையை நிறுத்தின. ஆனால் மொழியைப் பெரும்பாலானவர்கள் தொடவில்லை. 2023-ல் வந்த டயாப்லோ 4-ல் ரஷ்யக் குரலே இருக்கிறது. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோ அதே வருடம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-ல் ரஷ்யனும் உண்டு, உக்ரைனியமும் உண்டு. இன்னொரு பக்கம், ஸ்டார்ஃபீல்டு என்ற கேம் ரஷ்ய மொழி இல்லாமலே வந்தது, ரசிகர்களே உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டார்கள். எந்த நாட்டில் விற்பது, எந்த மொழியில் பேசுவது என்பவை தனித்தனி முடிவுகள். ஸ்டீமிலும் நாடுகளைத் தடுக்கும் இடம் வேறு, மொழிகளைக் குறிக்கும் இடம் வேறு. ரஷ்யாவில் விற்றால் அந்நாட்டு அரசுக்கு வரி போகுமே என்ற உறுத்தல் உங்களுக்கு இருந்தால் அது நியாயமானது. அதற்கான மருந்து நாட்டுப் பட்டியலில் இருக்கிறது, மொழிப் பட்டியலில் இல்லை.

இதுவரை சொன்னது உங்களுக்குச் சாதகமான பக்கம். இனி ஓவியர் பக்கம்.

1990-களில் முன்னாள் சோவியத் நாடுகளில் கேம் என்றாலே திருட்டு சிடிதான். மாஸ்கோவின் கொர்புஷ்கா சந்தையில் ஃபார்குஸ் என்ற பெயர் போட்ட சிடி கிடைக்கும். திருட்டுப் பிரதிதான், ஆனால் மொழிபெயர்ப்பு மற்றவற்றைவிட நன்றாக இருக்கும் என்று தேடி வாங்குவார்கள். மேற்கத்திய நிறுவனங்கள் முறையாக அங்கே கடை விரித்தபோது ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் எல்லாவற்றையும் ஒரே சந்தை என்று கட்டிப்போட்டார்கள். விலை குறைவு, மொழி ரஷ்யன். குறைந்த விலைக்கு வாங்கி ஜெர்மனியில் விற்றுவிடக் கூடாது என்பதற்காகச் சில கேம்களில் வேறு மொழிக்கு மாற்றவே முடியாதபடி பூட்டி வைத்தார்கள். கீவில் ஒரு சிறுவன் காசு கொடுத்து முறையாகக் கேம் வாங்கினால் அவனுக்குக் கிடைத்தது ரஷ்ய மொழி. உக்ரைனியத்தில் வேண்டும் என்றால், "நீங்கள் எல்லோரும் ரஷ்யன் படிப்பீர்களே, தனியாக எதற்குச் செலவு?" என்பதுதான் பதில்.

பூட்டியவர்களுக்கு அது வெறும் கணக்கு, கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் 1863-ல் நிற்கிறது. அந்த வருடம் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வாலுயெவ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தனியாக ஒரு 'சிறு ரஷ்ய' மொழி இருந்ததும் இல்லை, இப்போது இருக்கவும் இல்லை, இனி இருக்கவும் முடியாது என்ற வாசகம் அதில் வருகிறது. அவர் குறிப்பிட்டது உக்ரைனியத்தை. 1876-ல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊரில் ஓய்வெடுக்கப் போன இடத்தில் கையெழுத்திட்ட ஆணை, அந்த மொழியில் புத்தகம் அச்சிடுவதையும் வெளியிலிருந்து கொண்டுவருவதையும் ஏறக்குறைய முழுக்கத் தடுத்தது. மெனுவில் உக்ரைனியம் இல்லாததற்கும் இந்த ஆணைக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் "எல்லோருக்கும் ரஷ்யன் தெரியுமே" என்ற நிலைமை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதை உண்டாக்கியது அரசியல். பெரிய மொழியைப் பேசுபவனுக்குத் தன் மொழி காற்று மாதிரி, அதில் அரசியல் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சின்ன மொழிக்காரனுக்குத்தான் அது தெரியும். இதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அதனால் என் கட்சி இதுதான்: மொழியை ஓர் அரசிடமிருந்து பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். அரசியலிடமிருந்து பிரிக்க முடியாது.

ஸ்டாக்கர் கேமின் கதையைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். கீவில் தொடங்கிய ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு ஸ்டூடியோ 2007-ல் முதல் பாகத்தை வெளியிட்டது. செர்னோபில் அணு உலையைச் சுற்றிய கைவிடப்பட்ட மண்டலம், அதில் புதையல் தேடும் மனிதர்கள். ஆங்கிலத்தில் விளையாடினாலும் பின்னணியில் ஆட்கள் முணுமுணுப்பதும் கத்துவதும் பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான் கேட்கும். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் கிதார் வாசிப்பான், ஒருவன் ஜோக் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பொருள் புரியாது, ஆனால் குளிர் மட்டும் உடம்பில் ஏறும். கொள்ளைக்காரன் ஒருவன் "சீக்கி ப்ரீக்கி" என்று கத்திக்கொண்டு பாய்வான். அந்தச் சத்தத்தை வைத்து உலகம் முழுக்க மீம் போட்டார்கள். ஒரு உக்ரைன் ஸ்டூடியோ செய்த கேம், அதன் அடையாளமே ரஷ்யப் பேச்சு. அன்று யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த பிறகு அந்த ஸ்டூடியோவில் ஒரு பகுதியினர் செக் நாட்டின் பிராகுக்குப் போனார்கள், சிலர் ராணுவத்துக்குப் போனார்கள். முந்தைய ஸ்டாக்கர் கேம் ஒன்றில் வேலை செய்த வொலோதிமிர் யெஷோவ் அந்த வருடம் டிசம்பரில் கிழக்கு உக்ரைனின் பாஹ்முத் அருகே சண்டையில் இறந்தார். இரண்டாம் பாகத்தின் பெயரில் 'செர்னோபில்' என்பதை 'சோர்னோபில்' என்று உக்ரைனிய உச்சரிப்புக்கு மாற்றினார்கள். (தமிழில் நாம் எழுதும் 'செர்னோபில்' ரஷ்ய வடிவத்திலிருந்து வந்ததுதான். நானும் பழக்க தோஷத்தில் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.) ரஷ்ய மொழியையும் எடுத்துவிட்டார்கள். 2024 நவம்பர் 20 அன்று வந்த கேமில் குரல் உக்ரைனியத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, சப்டைட்டில் பல மொழிகளில் இருக்கிறது, ரஷ்யன் மட்டும் இல்லை.

இடையில் 2023 மார்ச்சில் ஒரு ரஷ்ய இணையக் குழு ஸ்டூடியோவின் கோப்புகளைத் திருடி வைத்துக்கொண்டு மிரட்டியது. ரஷ்ய, பெலாரஸ் ரசிகர்களை நடத்தும் விதத்தை மாற்ற வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், ரஷ்ய மொழியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஸ்டூடியோ மசியவில்லை. "மொழிக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்" என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் ஏவுகணை பறக்கும்போது வேலை செய்கிறவனிடம், கோப்பைத் திருடி வைத்துக்கொண்டு, "என் மொழியைப் போடு" என்று கேட்பது. அது மொழிப் பற்றில் சேராது.

அதற்காக ஜிஎஸ்சி செய்ததில் எனக்குக் கேள்வியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்கிவில் ரஷ்யன் பேசிக்கொண்டே வளர்ந்த, முதல் பாகத்தை ரஷ்ய மொழியில் நேசித்த உக்ரைனிய ரசிகனும் இதில் ஒன்றை இழந்தான். அவர்களில் பலர் விரும்பியே இழந்தார்கள். போருக்குப் பிறகு பேச்சையே உக்ரைனியத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கைப் போடும் உரிமை அவர்களுடையது. வெளியிலிருந்து நான் போட்டுக் காட்டக் கூடாது.

மெட்ரோ கேம்களின் கதை இதற்கு நேர் எதிர். செய்தது கீவில் தொடங்கிய 4ஏ கேம்ஸ். கதை மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் நடக்கிறது. மூல நாவலை எழுதிய த்மித்ரி க்ளுகோவ்ஸ்கி ரஷ்யர். அந்தக் கேமை ரஷ்யக் குரலில், ஆங்கில சப்டைட்டிலோடு விளையாடினால்தான் சூடு பிடிக்கும் என்று விவரமான ரசிகர்கள் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். 2019-ல் வந்த மெட்ரோ எக்ஸோடஸ் என்ற பாகத்தில் உக்ரைனியக் குரலும் சேர்ந்தது. க்ளுகோவ்ஸ்கி போரை எதிர்த்து எழுதினார். 2023 ஆகஸ்ட்டில் மாஸ்கோ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே அவருக்கு 8 வருடம் சிறைத்தண்டனை விதித்தது. அந்த ரஷ்யக் குரல் எந்தப் பக்கம்? மொழியை வைத்து மட்டும் ஆளை எடை போடுகிறவர்களுக்கு இந்தக் கேம் ஒரு தலைவலி.

தவறு எப்போதும் பெரிய மொழியின் பக்கம்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் சைபர்பங்க் 2077-க்கு உக்ரைனிய மொழிபெயர்ப்பு வந்தது. மூலத்தில் இல்லாத, ரஷ்யர்களைக் குத்தும் வசனங்கள் சிலவற்றை மொழிபெயர்ப்பாளர்கள் செருகியிருந்தார்கள். அந்தக் கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் ரஷ்ய ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த வரிகளை மாற்றுவதாகச் சொன்னது. இத்தனைக்கும் ரஷ்யாவில் விற்பனையை நிறுத்திய நிறுவனம் அது. எழுதியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் கை அரித்திருக்கும். ஆனாலும் தொழில் என்று வந்தால் அது பிழைதான். வசனகர்த்தா சொல்லாததை மொழிபெயர்ப்பாளன் சொல்லக் கூடாது.

இனி உங்கள் காரியத்துக்கு வருவோம். நீங்கள் கீவ் ஸ்டூடியோ இல்லை. உங்கள் மேல் குண்டு விழவில்லை. ரஷ்ய மொழியை எடுத்துவிட்டால் யாரையும் காப்பாற்றப் போவதும் இல்லை. அதனால் சேருங்கள். ஆனால் அதற்கு முன், அல்லது அதோடு, உக்ரைனியத்தைச் சேருங்கள். "ரஷ்யன் போட்டால் உக்ரைனியருக்கும் ஆச்சு" என்ற பழைய கணக்கைத் திரும்பப் போடாதீர்கள். உங்கள் ஓவியர் முகம் சுளித்தது ரஷ்ய மொழி இருந்ததற்காகவா, உக்ரைனியம் இல்லாததற்காகவா என்று அவரிடம் கேட்டீர்களா? நான் இரண்டாவதாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். தோற்றாலும் கேட்டது நஷ்டமில்லை. முதலாவதுதான் காரணம் என்று அவர் சொன்னால், வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது, வருத்தம் அவருடையது. அவர் பெயரை ரஷ்யப் பதிப்பின் நன்றிப் பட்டியலில் போட வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள்.

வேலை நுணுக்கம் இரண்டொன்று சொல்லிவிடுகிறேன். ரஷ்யனில் எண்ணுக்கு ஏற்றபடி பெயர்ச்சொல் மாறும். துப்பாக்கிக் குண்டு ஒன்று என்றால் பத்ரோன், இரண்டு என்றால் பத்ரோனா, ஐந்து என்றால் பத்ரோனொவ். 21 வந்தால் மறுபடி பத்ரோன். ஒன்றில் முடிந்தாலும் 11-க்குப் பத்ரோனொவ்தான். ஆங்கிலத்தில் செய்வதுபோல ஒருமை, பன்மை என்று இரண்டே வடிவம் எழுதி வைத்தால் அசிங்கமாகிவிடும். இறந்தகால வினையில் ஆண், பெண் வேறுபாடு உண்டு. "சாவியைக் கண்டெடுத்தேன்" என்பதற்கு ஆண் நஷோல், பெண் நஷ்லா. பேசுவது ஆணா பெண்ணா என்பதை மொழிபெயர்ப்பாளருக்கு எழுதி அனுப்புங்கள். உக்ரைனியத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஆனால் ரஷ்யக் கோப்பை இயந்திரத்தில் போட்டு உக்ரைனியமாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேமிக்கும் பட்டன் ஒன்றே போதும் வித்தியாசம் தெரிய: ரஷ்யனில் சொஹ்ரனீத், உக்ரைனியத்தில் ஸ்பெரெஹ்தி. தனி மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலத்திலிருந்து நேராக, தனிச் சம்பளம். மெனுவில் கொடி வேண்டாம், ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக ஃபாண்ட். ரஷ்யன், உக்ரைனியம் இரண்டையும் எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்து இருக்கிறது என்று விளம்பரம் செய்யும் பல ஃபாண்டுகள் ரஷ்ய எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளும். உக்ரைனியத்தில் மட்டும் வரும் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். அதில் முதலில் விடுபடுவது, அழுத்தமான 'க' ஒலிக்கான எழுத்து. பார்க்க ரஷ்ய 'க' மாதிரியே இருக்கும், மேலே வலது பக்கம் ஒரு சின்னக் கொம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். 1933-ல் சோவியத் அரசு எழுத்துச் சீர்திருத்தம் என்று அதை நெடுங்கணக்கிலிருந்தே தூக்கியது, 1990-ல்தான் திரும்பி வந்தது. சில சொற்களில்தான் வரும், உங்கள் கேமில் நாலைந்து இடத்துக்கு மேல் இருக்காது. ஆனாலும் அந்த எழுத்தை ஒரு முறை தட்டிப் பாருங்கள். கட்டம் வந்தால் ஃபாண்டை மாற்றுங்கள். உங்கள் ஓவியர் அந்தத் திரையைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்.